நீரடித் தொழிலுக்கு விதி வந்த கதை



லெம்பா பெர்த்தாம் என்றதும் நம் மனக்கண்முன் நிற்பவை தேயிலைச் சரிவுகளும், காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளும், காலை நேரத்துப் பனியும்தாம். கடலில் மூழ்கித் தொழில் செய்வோரைப் பற்றிப் பேச வந்த நாம், கடல் கண்ணுக்கே எட்டாத இந்த மலைப் பள்ளத்தாக்கை ஏன் முதலில் நினைக்கிறோம் என்று நீங்கள் வியக்கலாம். காரணம் உண்டு. பள்ளத்தாக்கின் தலைமாட்டில், ரிங்லெட்டில், சுல்தான் அபு பாக்கர் அணை நிற்கிறது. பெர்த்தாம் ஆற்று நீரும், சுரங்கத்தின் வழியே திருப்பிவிடப்பட்ட தெலோம் ஆற்று நீரும் அங்கே தேங்குகின்றன. பிறகு மலையைக் குடைந்து சென்று, பேராக் மாநிலப் பக்கம் இறங்கி, ஜோர் மின்நிலையத்தின் சுழலிகளை ஓட்டுகின்றன. 1963ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் வேலை இது.

கரையில் நின்று பார்ப்பவருக்கு அது ஓர் ஏரி, அவ்வளவே. ஆனால் எந்த அணையை எடுத்துக்கொண்டாலும், நீருக்குள்ளே மதகுக் கதவுகள் இருக்கும். சுரங்கத்தின் வாயிலில், கட்டைகளும் குப்பைகளும் உள்ளே போகாதபடி தடுக்கும் இரும்புக் கம்பித் தட்டிகள் இருக்கும். அவற்றில் ஏதேனும் அடைத்துக்கொண்டாலோ, துருப்பிடித்தாலோ, யாராவது ஒருவர் உள்ளே இறங்கித்தான் பார்க்கவேண்டும். ரிங்லெட் ஏரியிலோ, மேலேயுள்ள சரிவுகளிலிருந்து அரித்துவரும் மண் ஆண்டுதோறும் படிகிறது. அதைத் தூர்வாருவதே பெரும் வேலையாகிவிட்டது. அத்தகைய கலங்கல் நீரில் கண்ணால் பார்க்க ஒன்றும் இராது. விரலே கண்.

அப்படி இறங்குபவர் எத்தனை நிமிடம் உள்ளே இருக்கலாம், மேலே எத்தனை பேர் காவல் நிற்கவேண்டும், அவருக்குக் காற்று நின்றுபோனால் இரண்டாவது காற்று எங்கிருந்து வரும் — இவற்றை முடிவு செய்வது யார்? அரசாங்கம் என்று நாம் சொல்லிவிடுவோம். வரலாறு அவ்வளவு நேராகச் செல்லவில்லை. இன்று உலகெங்கும் வழங்கும் விதிகளிற் பெரும்பகுதி, ஒருவரோடொருவர் போட்டியிட்ட முக்குளிப்பு ஒப்பந்ததாரர்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட சங்கத்தின் மூலம் வந்தது. அந்தக் கதையைத்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில் நம்மவர் கதையைப் பார்த்துவிடுவோம். முத்துக்குளித்தல் தமிழருக்குப் புதிதன்று. கொற்கை முத்தின் புகழ் நாம் அறிந்ததே. மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும், தூத்துக்குடிப் பக்கமும் இலங்கையின் மரிச்சுக்கட்டிப் பக்கமும், சலாபம் நடக்கும் பருவத்தில் கடற்கரையில் ஒரு நகரமே எழும்பிவிடும். 1905ஆம் ஆண்டு இலங்கைச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. குளித்தவர்கள் ஏறத்தாழ ஐயாயிரம் பேர். தமிழரும் அராபியரும் அவர்களுள் இருந்தனர்.

இவ்வளவு பெரிய தொழில் விதி இல்லாமல் நடந்திருக்குமா? நிறைய விதி இருந்தது. சிப்பி முற்றியிருக்கிறதா என்று அதிகாரிகள் முன்கூட்டியே மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். எந்தப் பாரில் குளிக்கலாம் என்று மிதவை கட்டிக் காட்டுவார்கள். படகுகளுக்கு எண் உண்டு. வேலை நிறுத்தப் பீரங்கி முழங்கும். எடுத்த சிப்பிகளை மூன்று குவியலாக்கி, இரண்டை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும், ஒன்று குளித்தவருக்கு. கரையில் காலரா பரவாமலிருக்கவும் ஏற்பாடு உண்டு.

இவற்றையெல்லாம் ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். சிப்பிக்கு விதி இருக்கிறது, வருமானத்துக்கு விதி இருக்கிறது, கரைக்கும் விதி இருக்கிறது. கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு, ஒரு மூச்சில் பத்து மீட்டரும் பதினைந்து மீட்டரும் இறங்குகிற மனிதருக்கு என்ன இருந்தது? மேலே கயிற்றைப் பிடித்து நிற்கும் துணையாள் இருந்தார். கடல்கட்டி இருந்தார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் என்று நம்பப்பட்டவர் இவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவே இவர்களைப் பற்றியும், சிப்பியில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குச் சேர்ந்ததைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கடல்கட்டி வராவிட்டால் குளிப்பவர்கள் இறங்க மறுத்ததால், பிற்காலத்தில் ஆங்கில அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது! நாம் சிரித்துவிட்டுப் போய்விடக் கூடாது. குளிப்பவரின் உயிரைப் பற்றிக் கேள்வி எழுப்பக்கூடியவராக அந்தக் கடற்கரையில் இருந்த ஒரே பதவியாளர் அவர்தான் எனலாம். அதையும் குளிப்பவர்கள்தாம் கேட்டுப் பெற்றார்கள்.

மூச்சடக்கிக் குளித்த காலத்தில் ஆபத்து என்பது கண்ணுக்குத் தெரிந்தது: சுறா, நீரோட்டம், மயக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டனில் ஆகஸ்டஸ் சீபே என்பவர் மூடிய தலைக்கவச உடையைச் செய்து, மேலிருந்து குழாய்வழியே காற்றை இறைத்து அனுப்பும் முறை பரவியபோது, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆபத்து வந்து சேர்ந்தது. ஒரு மணி, இரண்டு மணி நேரம் ஆழத்தில் இருந்துவிட்டு நலமாக மேலே வந்தவர், தலைக்கவசத்தைக் கழற்றிச் சிறிது நேரத்தில் மூட்டு வலியால் துடிப்பார். சிலருக்குக் கால் விழுந்துவிடும். சிலர் இறந்தே போவார்கள். நீருக்கடியில் பாலத்தூண் கட்டுவதற்காகக் காற்று நிரப்பிய பெட்டகங்களில் வேலை செய்தவர்களுக்கும் இதே கதிதான். நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872இல் இந்நோயால் முடங்கிப்போனார்.

சோடாப் புட்டியைத் திறக்கும்போது நுரை பொங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். அழுத்தம் இருக்கும்வரை வாயு நீரில் கரைந்து கிடக்கும். மூடியைத் திடீரெனத் திறந்தால் குமிழியாக வெளிவரும். ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன், இப்படித்தான் இரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. விரைவாக மேலே வந்தால், உடம்புக்குள்ளேயே குமிழி கட்டுகிறது. பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட் 1878இல் இதை எடுத்துக்காட்டினார். பிறகு பிரிட்டிஷ் கடற்படைக்காக ஜான் ஸ்காட் ஹால்டேன் வெள்ளாடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதனை நடத்தினார். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால், மேலே வரும் வழியில் எங்கெங்கே எத்தனை நிமிடம் நின்று வரவேண்டும் என்று ஓர் அட்டவணையே வகுத்தார். அது 1908இல் வெளியாயிற்று.

ஆகவே 1908 முதலே அறிவு இருந்தது. இதை நாம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அதற்குப் பின் அறுபது, எழுபது ஆண்டுகள் கழித்தும் முக்குளிப்போர் இறந்துகொண்டிருந்தார்கள். கடற்படையில் ஒரு தளபதி உத்தரவு போட்டால் போதும். எல்லாரும் அட்டவணைப்படி நடப்பார்கள். கூலிக்கு முக்குளிக்கும் தொழிலில் தளபதி யார்? இரண்டு ஒப்பந்ததாரர்கள் ஒரே வேலைக்கு விலை கேட்கிறார்கள். ஒருவர், ஐந்து ஆள் வேண்டும், மாற்றுக் காற்றுக் கலம் வேண்டும், அழுத்த அறை வேண்டும் என்று கணக்குப் போடுகிறார். மற்றவர் இரண்டு ஆளோடு முடித்துத் தருகிறேன் என்கிறார். வேலை யாருக்குப் போகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. நல்லவர் தோற்பார், அல்லது நல்லவரும் அடுத்த முறை ஆளைக் குறைப்பார். இந்த முடிச்சை அறிவியல் அவிழ்க்க முடியாது. போட்டியாளர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில், இதற்குக் கீழே நாங்கள் இறங்கமாட்டோம் என்று ஒப்புக்கொண்டாலன்றி வழியில்லை.

கடலுக்கடியில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியபோது இந்தச் சிக்கல் முற்றியது. மெக்சிக்கோ வளைகுடாவில் வேலை செய்த அமெரிக்க ஒப்பந்ததாரர்கள் 1968இல் முக்குளிப்பு ஒப்பந்ததாரர் சங்கம் ஒன்றை அமைத்தனர். வட கடலில் எண்ணெய் வேலை சூடுபிடித்தபோது, 1972இல் பிரிட்டனிலும் கடல்சார் முக்குளிப்பு ஒப்பந்ததாரர்களுக்குத் தனிச் சங்கம் பிறந்தது.

இவர்கள் எல்லாரும் பரோபகாரிகள் என்று எண்ணிவிடவேண்டாம். அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். முக்குளிப்போர் பலரை உறுப்பினராகக் கொண்டிருந்த தச்சர் தொழிற்சங்கம், 1975இல் அரசாங்கத்திடம் மனுச் செய்தது: உயிர்கள் போகின்றன, உடனே விதி வேண்டும் என்று. 1976இல் அரசாங்கம் அவசர விதிகளைப் பிறப்பித்தது. ஒப்பந்ததாரர்கள் நீதிமன்றம் சென்றார்கள், விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன, பின்பு மீட்டுக்கொள்ளப்பட்டன. 1977இல் நிரந்தர விதிகள் வந்தன. அவற்றிலிருந்த மருத்துவப் பரிசோதனைப் பகுதியை எதிர்த்தும் வழக்கு நடந்து, 1979இல் அப்பகுதி நீக்கப்பட்டது. தங்களுக்குத் தாங்களே விதி எழுதிக்கொள்ளத் தயாராக இருந்தவர்கள், பிறர் எழுதியபோது வழக்காடினார்கள். மனித இயல்புதான்.

நம் தோட்டப்புறத்து நேயர்களுக்கு இது எளிதில் விளங்கும். தேயிலை, இரப்பர்த் தோட்டங்களில் முதலாளிகளுக்கு ஒரு சங்கம். தொழிலாளருக்கு, 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம். இரண்டும் மேசையின் இரு பக்கத்தில் உட்கார்ந்து பேசித்தான் உடன்பாடு வரும். முக்குளிப்புத் தொழிலில் விதி எழுதிய சங்கமோ ஒரு பக்கத்து நாற்காலிகளை மட்டுமே உடையது. மறுபக்கத்திலிருந்து பேசியவை தொழிற்சங்கங்களும், அரசாங்கங்களும், வருத்தத்தோடு சொல்கிறோம், விபத்துகளுமே.

வட கடலில் நடந்த இரண்டு விபத்துகளைச் சொல்லியாக வேண்டும். மிகுந்த ஆழத்தில் வேலை செய்பவர்களை ஒவ்வொரு முறையும் மெதுவாக மேலே கொண்டுவருவது கட்டுப்படியாகாது. ஆகவே அவர்களைக் கப்பலிலேயே, ஆழத்தின் அழுத்தம் கொண்ட அறையில் நாட்கணக்கில் குடியிருக்கச் செய்து, மணி போன்ற ஓர் இரும்புக் கூண்டில் கடலுக்குள் இறக்கி ஏற்றுவார்கள். அவர்கள் சுவாசிப்பது ஹீலியம் கலந்த வாயு. 1979 ஆகஸ்டில், ஸ்காட்லாந்துக்கு வடக்கே திசில் எண்ணெய் வயலில், வைல்ட்ரேக் என்னும் கப்பலிலிருந்து ஏறத்தாழ 160 மீட்டர் ஆழத்துக்கு இறக்கப்பட்ட கூண்டு, தன் தூக்குக் கம்பியிலிருந்து விடுபட்டுப் போயிற்று. உள்ளே இருவர். கூண்டை மீட்கப் பல மணி நேரம் ஆயிற்று. ஹீலியம் காற்றைவிட ஆறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மேலிருந்து வந்த வெந்நீர் நின்றுவிட்ட அந்தக் கூண்டுக்குள், இருவரும் குளிரால் இறந்தார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1983 நவம்பர் 5ஆம் நாள், நார்வேப் பகுதியில் பைஃபர்ட் டால்ஃபின் என்னும் துளையிடு மேடையில், கூண்டையும் குடியிருப்பு அறையையும் இணைக்கும் வளையம், கதவு மூடப்படுமுன் திறக்கப்பட்டது. ஒன்பது மடங்கு அழுத்தம் நொடிப்பொழுதில் ஒன்றாகக் குறைந்தது. உள்ளிருந்த நால்வரும், வெளியே நின்ற ஒருவரும் மாண்டனர். அழுத்தம் இருக்கும்வரை வளையத்தைத் திறக்கவே முடியாதபடி செய்யும் தாழ்ப்பாள் ஒன்று போதுமாயிருந்தது. அந்தப் பழைய அமைப்பில் அது இல்லை.

இன்று கூண்டு கம்பியை விட்டுப் பிரிந்தாலும் குறைந்தது 24 மணி நேரம் உள்ளிருப்பவரைக் காக்கக்கூடிய வாயுவும், குளிர் தாங்கும் உறைகளும் அதற்குள்ளேயே இருக்கவேண்டும் என்பது விதி. வளையத்துக்குத் தாழ்ப்பாளும் விதி. எந்த விதிக்குப் பின்னால் எந்தக் கல்லறை இருக்கிறது என்பதைத் தொழிலின் மூத்தவர்கள் அறிவார்கள்.

1995இல் பிரிட்டிஷ் சங்கமும், நங்கூரமின்றி ஒரே இடத்தில் நிற்கும் கப்பல்களின் உரிமையாளர் சங்கமும் ஒன்றாகி, அனைத்துலகக் கடல்சார் ஒப்பந்ததாரர் சங்கம் ஆயின. இச்சங்கத்தின் முக்குளிப்புக் கையேட்டில் உள்ள சிலவற்றைக் கேளுங்கள். மேலிருந்து குழாய்வழிக் காற்றுப் பெற்று ஒருவர் இறங்குவதென்றால், குழுவில் குறைந்தது ஐந்து பேர்: மேற்பார்வையாளர், இறங்குபவர், அவருக்கு ஆபத்தென்றால் இறங்க உடையணிந்து தயாராயிருப்பவர், இவ்விருவரின் குழாயையும் கையாளும் இரு துணையாட்கள். சாதாரணக் காற்றைச் சுவாசித்து 50 மீட்டருக்குக் கீழே போகலாகாது. அழுத்த அறையில் குடியிருப்பது 28 நாளுக்கு மேற்படக்கூடாது. முதுகில் கலம் கட்டிக்கொண்டு நீந்தும் முறை இத்தகைய வேலைக்கு ஏற்றதன்று.

இவை எந்தப் பாராளுமன்றமும் இயற்றிய சட்டமல்ல. அப்படியிருக்க எப்படிக் கட்டுப்படுத்துகின்றன? எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் ஒப்பந்தப் பத்திரத்திலேயே, இன்ன கையேட்டின்படி வேலை நடக்கவேண்டும் என்று எழுதிவிடுகின்றன. அந்த ஒரு வரி எழுதப்பட்டதும், இரண்டு ஆளோடு முடித்துத் தருகிறேன் என்றவரின் விலை தள்ளுபடியாகிறது. நம் திரெங்கானு, சபா, சரவாக் கடற்பகுதிகளின் எண்ணெய் மேடைகளுக்கும் இந்தக் கையேடுகள் இவ்வழியாகவே வந்து சேர்ந்தன.

இனி மலைக்குத் திரும்புவோம். கடலுக்கு எழுதிய விதி மலை ஏரிக்குப் பொருந்துமா? ஒரு பகுதி பொருந்தும். ஒரு பகுதியைத் திருத்திக்கொள்ளவேண்டும். ரிங்லெட் ஏரி கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையைவிட எட்டில் ஒரு பங்கு அளவு குறைவு. ஏரியில் 20 மீட்டர் இறங்குபவர், அட்டவணையில் 20 மீட்டர் வரியைப் பார்த்தால் தவறு. ஏறத்தாழ 23 மீட்டர் இறங்கியதாகக் கணக்கிடவேண்டும். ஏனெனில் அவர் திரும்பிவரும் காற்று மெல்லியது. சோடாப் புட்டியின் மூடி இங்கே இன்னும் சற்று அகலமாகத் திறக்கிறது. இதே காரணத்தால், பங்கோர் தீவில் காலையில் முக்குளித்துவிட்டு, மாலையில் தானா ராத்தாவுக்குக் காரில் ஏறுவதும் ஆபத்தானதே. பொழுதுபோக்காக முக்குளிக்கும் இளைஞர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஆழத்தைக் காட்டிலும் கொடியது ஒன்று அணைக்கட்டில் உண்டு. அதுதான் உறிஞ்சல். ஒரு கதவின் ஒரு பக்கம் பத்து மீட்டர் நீர் நிற்கிறது, மறுபக்கம் வெறுமை. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு கிலோ எடை அழுத்துகிறது என்று பொருள். கதவில் முப்பது சென்டிமீட்டருக்கு முப்பது சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், அதை அடைத்தபடி சிக்கிக்கொள்ளும் உடம்பின்மீது 900 கிலோ விழும். மேலே எத்தனை பேர் சேர்ந்து கயிற்றை இழுத்தாலும் வரமாட்டார். மிகவும் கொடுமை என்னவென்றால், அருகே போகும்வரை நீர் அசைவற்று இருப்பதுபோலவே தோன்றும். அணை நீரின் வலிமை லெம்பா பெர்த்தாம் மக்களுக்குப் புதிய செய்தியன்று. 2013 அக்டோபர் 23ஆம் நாள் அதிகாலையில் அணை திறந்துவிடப்பட்டபோது, பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் போயின.

ஒப்பந்ததாரர் சங்கம் நீர் உறிஞ்சும் வாயில்களைப் பற்றித் தனிக் கையேடே எழுதியிருக்கிறது. அதன் சாரம் எளிது: ஆள் இறங்குமுன் கதவுகளும் பம்புகளும் நிறுத்தப்பட்டுப் பூட்டப்பட வேண்டும், ஆள் வெளியே வரும்வரை எவரும் அவற்றை இயக்க முடியாதபடி இருக்கவேண்டும். நிறுத்தியாயிற்று என்று வாய்ச்சொல்லால் கேட்டுக்கொண்டு இறங்குவது போதாது.

கையேடு இருந்தும் இறப்பு நிற்கவில்லை. 2022 பிப்ரவரி 25ஆம் நாள், திரினிடாட்டில் கடலடி எண்ணெய்க் குழாயொன்றில் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஐவர், அழுத்த வேறுபாட்டால் 30 அங்குலக் குழாய்க்குள் இழுக்கப்பட்டனர். ஒருவர் மட்டும் ஊர்ந்து வெளியே வந்தார். மற்ற நால்வரும் மீளவில்லை. உறிஞ்சலைப் பற்றிய அறிவு அப்போது புதிதா? இல்லை. எழுதப்பட்டு முப்பது ஆண்டு கடந்த அறிவு.

மன்னார்க் கரையைப் பற்றி ஒரு சொல் சொல்லி முடிக்கிறோம். தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு முத்துச் சலாபம் நடக்கவில்லை. ஆனால் குளிப்பவர்கள் ஓய்ந்துவிடவில்லை. சங்குக்கும், இலங்கைப் பக்கம் கடலட்டைக்கும் இன்றும் இறங்குகிறார்கள். அவர்களுட் பலர் காற்றுக் கலத்தைக் கட்டிக்கொண்டே இறங்குகிறார்கள். ஒரு நாளைக்குப் பல கலம் காலியாகும். அழுத்த நோயால் கால் விளங்காமற் போனவர்கள் அக்கரைகளில் உண்டு. எண்ணெய் நிறுவனத்தின் ஒப்பந்தப் பத்திரம் அவர்களுக்குக் கிடையாது. ஆகவே கையேட்டின் அந்த ஒரு வரியும் கிடையாது. எடைக்கோ எண்ணிக்கைக்கோ விலை பேசும் வியாபாரி கரையில் காத்திருக்கிறார். அவர் எண்ணுவது சங்கை.